இரட்சிப்பின் நிச்சயமும் மனச்சமாதானமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாடம் முடிந்து மற்றவர்கள் கலைந்த பிறகு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தயங்கி நின்று கேட்கப்படும் கேள்விகள் இவை. சபை நடுவே கேட்கப் பலருக்குக் கூச்சம். ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்தி, பாடகர் குழுவில் பாடி முதுமை எய்தியவர்களும் கேட்கிறார்கள். பதில்கள் புராட்டஸ்டண்ட் விசுவாசத்தில் நின்று எழுதப்பட்டவை. மற்றத் திருச்சபைகள் வேறுவிதமாகப் போதிக்கும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

"நான் இரட்சிக்கப்பட்டவன்" என்று உறுதியாகச் சொல்வது அகந்தை ஆகாதா?

சொல்லுகிறவர் எதை நம்பிச் சொல்லுகிறார் என்று பார்க்க வேண்டும். தன் உபவாசத்தையும் தசமபாகத்தையும் நம்பிச் சொன்னால் அது அகந்தைதான். லூக்கா 18ஆம் அதிகாரத்துப் பரிசேயன் அப்படித்தான் தேவாலயத்தில் நின்று தன் கணக்கை ஒப்பித்தான்.

இயேசுவோடு சிலுவையில் தொங்கிய கள்ளனை எண்ணிப் பாருங்கள். அவனிடம் காட்டுவதற்கு ஒரு நற்செயலும் இல்லை. இனிமேல் செய்கிறேன் என்று வாக்குக் கொடுக்கவும் வழியில்லை, கைகள் ஆணியடிக்கப்பட்டிருந்தன. "அடியேனை நினைத்தருளும்" என்று மட்டும் கேட்டான். "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று பதில் வந்தது. அதைக் கேட்ட பிறகு அவன் "இருப்பேனோ மாட்டேனோ, எனக்கென்ன தகுதி" என்று முனகியிருந்தால் அதைத் தாழ்மை என்று சொல்ல முடியுமா? சொன்னவரின் வார்த்தையை நம்பவில்லை என்றுதான் ஆகும்.

யோவான் தன் முதல் நிருபத்தை எழுதிய காரணத்தை அவரே சொல்லுகிறார்: "உங்களுக்கு நித்தியஜீவன் உண்டென்று நீங்கள் அறியவும்" (5:13). விசுவாசிகள் கடைசி நாள்வரை ஊகித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அப்போஸ்தலரின் விருப்பம் அல்ல.

விசுவாசிக்கிறேன். ஆனால் உள்ளுக்குள் ஒன்றுமே உணர முடியவில்லை. என் விசுவாசம் உண்மையானதா?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுவே. ஜான் வெஸ்லியின் வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் உதவும்.

வெஸ்லி ஆங்கிலத் திருச்சபையின் குருவானவர். ஆக்ஸ்போர்டில் நியமமாக ஜெபித்தார், உபவாசித்தார், சிறைக்கைதிகளைச் சந்தித்தார். 1735இல் மிஷனரியாக அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குக் கப்பலேறினார். 1736 ஜனவரி 25 அன்று மாலை, உடன் பயணம் செய்த ஜெர்மானிய மொராவிய விசுவாசிகள் ஆராதனை தொடங்கிச் சங்கீதம் பாடிக்கொண்டிருந்தபோது, கடல் எழும்பிப் பெரிய பாயைக் கிழித்தது. அலை கப்பலை மூடித் தளங்களுக்கு நடுவே கொட்டியது. ஆங்கிலேயர் அலறினார்கள். ஜெர்மானியர் பாட்டை நிறுத்தவே இல்லை. பிறகு வெஸ்லி அவர்களில் ஒருவரிடம், "உங்களுக்குப் பயமாக இல்லையா?" என்று கேட்டார். "தேவனுக்கு நன்றி, இல்லை" என்றார் அவர். "பெண்களும் பிள்ளைகளும்கூடப் பயப்படவில்லையா?" "இல்லை. எங்கள் பெண்களும் பிள்ளைகளும் சாகப் பயப்படுகிறவர்கள் அல்ல."

அந்தச் சமாதானம் தன்னிடம் இல்லை என்பது வெஸ்லியை உறுத்தியது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1738 மே 24 அன்று, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்துக்கு மனமில்லாமல் போனார். ரோமர் நிருபத்துக்குச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். இரவு ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது தன் உள்ளம் அதிசயமாய் அனலடைந்ததாகவும், கிறிஸ்து தன் பாவங்களை, தன்னுடைய பாவங்களையே, நீக்கிவிட்டார் என்ற நிச்சயம் உண்டானதாகவும் எழுதிவைத்தார்.

பிரசங்கங்களில் கதை பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடும். கேட்டவர்கள், "எனக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லையே" என்று கனத்த மனதோடு வீட்டுக்குப் போவார்கள். ஆனால் வெஸ்லியின் குறிப்பேடு தொடருகிறது. அன்று இரவே வீடு திரும்பியதும் சோதனைகள் அவரை மோதின. எதிர்பார்த்த சந்தோஷம் எங்கே என்ற கேள்வி துரத்தியது. 1739 ஜனவரியில், தான் கிறிஸ்தவனே அல்ல என்றுகூட எழுதினார். அப்படி எழுதியவர்தான் 1791இல் இறக்கும்வரை ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்தார்.

அனல் வந்தது, குறைந்தது, மறுபடி வந்தது. கிறிஸ்து அவருக்காக மரித்தது என்னவோ அந்த நாட்களில் ஒன்றிலும் மாறவில்லை. "இவ்விதமாக, நாம் விசுவாசத்தினாலே நீதிமான்களாக்கப்பட்டிருக்கிறபடியால்... தேவனிடத்தில் சமாதானம் பெற்றிருக்கிறோம்" என்கிறார் பவுல் (ரோமர் 5:1). இது நடந்து முடிந்த ஒன்றைப் பற்றிய செய்தி. காலையில் எழும்போது மனம் லேசாக இருக்கிறதா, பாரமாக இருக்கிறதா என்பதைப் பார்த்து அதை உறுதிசெய்ய வேண்டியதில்லை.

விசுவாசம் போதாது என்று தோன்றினால் மாற்கு 9ஆம் அதிகாரத்தில் வரும் தகப்பனைப் போலப் பேசுங்கள்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." இயேசு அவனிடம், "போய் முழு விசுவாசத்தோடு திரும்பி வா" என்று சொல்லவில்லை. பாதி நம்பிக்கையோடு கண்ணீர்விட்டவனுடைய பிள்ளையை அங்கேயே சுகமாக்கினார்.

இரட்சிக்கப்பட்ட தேதி எனக்குத் தெரியாது. தேதி சொல்ல முடியாதவர் மறுபடியும் பிறந்தவர் அல்ல என்கிறார்களே?

வேதத்தில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. பவுலுக்குத் தமஸ்கு சாலை இருந்தது, நாளும் இடமும் சொல்ல முடியும். தீமோத்தேயுவுக்கு அவன் பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் இருந்தார்கள். சிறுவயது முதல் வேத எழுத்துக்களை அறிந்து வளர்ந்தான். அவன் எந்த நாளில் விசுவாசித்தான் என்று எங்கும் எழுதப்படவில்லை. பவுலோ அவனை "உத்தம குமாரன்" என்றே அழைக்கிறார்.

ஒரு வாலிபர் தன் வேதாகமத்தின் முதல் பக்கத்தை எனக்குக் காட்டினார். "இன்று இரட்சிக்கப்பட்டேன்" என்று நீல மையில் ஒரு தேதி. அது அடிக்கப்பட்டு, கீழே மறு ஆண்டுக் கன்வென்ஷன் கூட்டத்தின் தேதி. அதுவும் அடிக்கப்பட்டு இன்னொன்று. ஒவ்வொரு முறையும், போன தடவை உண்மையாய் ஒப்புக்கொடுக்கவில்லை என்று நினைத்து முன்னே போய் முழங்காலிட்டிருக்கிறார். கடைசித் தேதியும் அவருக்குச் சந்தேகம்தான். அவரை வஞ்சகர் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். தன் ஒப்புக்கொடுத்தலின் தரத்தைச் சோதித்துக்கொண்டே இருக்கும்படி அவரை யாரோ பழக்கிவிட்டார்கள். இன்று கிறிஸ்துவை நம்புகிறீர்களா என்று கேட்டேன். அவரை விட்டால் வேறு யாரை நம்புவது என்றார். அந்தப் பதில் போதும். பழைய தேதிகளைத் தோண்ட வேண்டாம்.

மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. பரிசுத்த ஆவியானவருக்கு விரோதமான எண்ணங்கள் என் மனதில் தானாகவே வருகின்றன.

முதலில் மாற்கு 3ஆம் அதிகாரத்தை 22ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். பரிசுத்த ஆவியானவருக்கு விரோதமான தூஷணத்துக்கு மன்னிப்பில்லை என்ற அந்த எச்சரிப்பு எருசலேமிலிருந்து வந்த வேதபாரகருக்குச் சொல்லப்பட்டது. கண்ணெதிரே பிசாசுகள் துரத்தப்படுவதைக் கண்டும், அது பிசாசுகளின் தலைவனாகிய பெயெல்செபூலின் வேலை என்று மனமறியச் சொன்னவர்கள் அவர்கள். அவர்கள் அதற்காக அழவில்லை, பயப்படவில்லை, இயேசுவிடம் வரவும் விரும்பவில்லை. உங்கள் நிலை நேர் எதிரானது. வந்த எண்ணத்தை நீங்கள் வெறுக்கிறீர்கள். அவரை இழந்துவிடுவேனோ என்று நடுங்குகிறீர்கள்.

எச். ஏ. கிருஷ்ணப் பிள்ளை தமிழில் காப்பியமாகப் பாடிய மோட்சப் பயணக் கதையின் மூல ஆசிரியர் ஜான் பனியன் (1628–1688). அவருக்கும் இதே வேதனை இருந்தது. "கிறிஸ்துவை விற்றுவிடு, விற்றுவிடு" என்ற எண்ணம் அவரை விடாமல் துரத்தியது. சாப்பிடும்போது, விறகு வெட்டும்போது, ஒரு குண்டூசியை எடுக்கக் குனியும்போதுகூட, "இதற்காக அவரை விற்றுவிடு" என்று அது வந்து நிற்குமாம். ஒருநாள் எதிர்த்து எதிர்த்துக் களைத்துப்போய், "போனால் போகட்டும்" என்ற எண்ணம் மனதில் ஓடிவிட்டது. அதோடு தான் தொலைந்தேன் என்று முடிவுகட்டி நெடுங்காலம் தவித்தார்.

விடுதலை மெல்ல மெல்ல வந்தது. ஒருநாள் வயல்வழியே நடந்துபோகும்போது, "உன் நீதி பரலோகத்தில் இருக்கிறது" என்ற எண்ணம் அவருக்குள் விழுந்தது. அவருடைய நீதி கிறிஸ்துவே. அப்படியானால் தன் மனம் நல்ல நிலையில் இருக்கும்போது அந்த நீதி கூடுவதில்லை, கெட்ட நிலையில் இருக்கும்போது குறைவதுமில்லை என்று கண்டுகொண்டார். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல விரும்புவதையெல்லாம் பனியன் அந்த வயல்வெளியிலேயே சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விரும்பாத எண்ணம் திரும்பத் திரும்ப வருவதும், அதைப் போக்க ஒரே ஜெபத்தைப் பலமுறை சொல்லாவிட்டால் அமைதி வராததும் எண்ண சுழற்சி நோயின் அடையாளமாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. மனநல மருத்துவரைப் பார்ப்பது விசுவாசக் குறைவு ஆகாது.

அதே பாவத்தில் மறுபடி மறுபடி விழுகிறேன். இன்னும் எத்தனை முறைதான் மன்னிப்பார்?

ஏழெழுபதுதரம் மன்னிக்கும்படி பேதுருவுக்குச் சொன்னவர், தாம் அதைவிடக் குறைவாக மன்னிப்பாரா? "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால்" அவர் "உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்" (1 யோவான் 1:9). இரக்கம் மட்டும் என்று எழுதாமல் நீதி என்றும் யோவான் எழுதினார். கிறிஸ்து சுமந்து தீர்த்த பாவத்துக்கு மறுபடி தண்டனை கேட்பது நீதியாகாது.

ஆனால் தனியே போராடாதீர்கள். குடி, கைப்பேசியில் பார்க்கும் ஆபாசம், சூதாட்டம் ஆகியவை மறைவில்தான் பலம்பெறுகின்றன. "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்கிறார் யாக்கோபு (5:16). வாய் காக்கத் தெரிந்த ஒரு முதிர்ந்த விசுவாசியிடம் பேசுங்கள். குடி நோயாகிவிட்டிருந்தால் மருத்துவமும் தேவை.

அப்படியானால் எப்படி வாழ்ந்தாலும் நிச்சயத்தோடு இருக்கலாமா?

முடியாது. சமாதானமில்லாதிருந்தும் "சமாதானம் சமாதானம்" என்று சொல்லி ஜனத்தின் காயத்தை மேற்பூச்சாகக் குணமாக்கியவர்களை எரேமியா கண்டித்தார். உடன்பிறந்தவனின் பங்கை எழுதி வாங்கிக்கொண்டு, கூலியாளின் சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, மருமகளிடம் நகை குறைந்ததைச் சொல்லிக்காட்டிக்கொண்டு, பக்கத்துத் தெருவில் இருப்பவர்களோடு சாதி பார்த்துத் திருவிருந்தில் ஒன்றாக நிற்க மறுத்துக்கொண்டு, ஒருவர் மனம் கலங்காமல் இருக்கிறார் என்றால் அவருக்குத் தேவை ஆறுதல் அல்ல. அவர் கலங்க வேண்டும். வரி வசூலித்த சகேயு அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்க முன்வந்தான். அந்தப் பணத்தால் அவனுக்கு இரட்சிப்பு வரவில்லை. இரட்சிப்பு அவன் வீட்டுக்கு வந்துவிட்டது என்று அதைக் கண்டவர்களுக்குத் தெரிந்தது.

சகோதரரிடத்தில் அன்புகூருகிறபடியால் மரணத்தைவிட்டு நீங்கி ஜீவனுக்குட்பட்டிருக்கிறோம் என்று அறிந்திருக்கிறோம், என்று அதே யோவான் எழுதுகிறார் (1 யோவான் 3:14). ஆகவே சொத்துத் தகராறில் பேச்சே நின்றுபோன அண்ணன் வீட்டுப் படியேறுவது, இன்னொரு நாள் உபவாசம் இருப்பதைவிட உங்கள் நிச்சயத்துக்கு அதிகம் உதவக்கூடும்.

ஒருமுறை பெற்ற இரட்சிப்பை இழக்க முடியுமா?

இதில் சபைகள் பிரிந்தே நிற்கின்றன. 1618–19இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய சங்கம், தேவன் தம்முடையவர்களை முடிவுவரை காப்பார், அவர்கள் முற்றிலும் விழுந்துபோகமாட்டார்கள் என்று தீர்மானித்தது. வெஸ்லி அதை ஏற்கவில்லை. விசுவாசத்தைத் துறந்து விழுந்துபோக முடியும் என்று போதித்தார். பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலானவையும் அப்படியே போதிக்கின்றன. விழுந்துபோவதைப் பற்றி எச்சரிக்கும் எபிரெயர் 6ஆம் அதிகாரம் ஒரு பக்கம், மேய்ப்பர் தம் ஆடுகளைக் காப்பதைச் சொல்லும் யோவான் 10ஆம் அதிகாரம் மறுபக்கம்.

தமிழ்நாட்டில் வைணவர்கள் இதற்கு நெருங்கிய கேள்வியைப் பல நூற்றாண்டுகளாக விவாதித்திருக்கிறார்கள். குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டியைத் தாய் கவ்விக்கொள்கிறது. வடகலையார் முதலாவதையும் தென்கலையார் இரண்டாவதையும் சொன்னார்கள். சமயங்கள் வேறு, கேள்வியின் கூர்மை ஒன்றுதான். என் மனம் இரண்டாவது பக்கம் சாய்கிறது. "ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை" என்று மேய்ப்பர் சொல்லும்போது பிடித்திருக்கும் கை அவருடையது.

எந்தப் பக்கத்தில் இருப்பவரும் ஒப்புக்கொள்ளும் ஒரு வாக்குத்தத்தம் உண்டு: "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை" (யோவான் 6:37). இழந்துவிட்டேனோ என்று பயப்படுகிறவர் இந்த விவாதத்தில் தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல் இன்றே அவரிடம் வரலாம்.

கத்தோலிக்கத் திருச்சபை இதை எப்படிப் பார்க்கிறது?

திரெந்து பொதுச்சங்கம் 1547இல், தான் அருள்நிலையில் இருப்பதாக ஒருவர் விசுவாச உறுதியோடு அறிய முடியாது என்று போதித்தது. ஆனால் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, விசுவாசிகள் தங்கள் பலவீனத்தின் நடுவிலும் தேவனுடைய இரக்கத்தையும் வாக்குத்தத்தத்தையும் நம்பியிருக்கலாம் என்று இரு தரப்பும் சேர்ந்து அறிக்கையிடுவதாகச் சொல்கிறது. மெத்தடிஸ்டுகள் 2006இல் அதில் சேர்ந்தார்கள். கருத்து வேறுபாடு முழுவதும் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் கத்தோலிக்க நண்பரோடு இதைப் பற்றிப் பேசும்போது சண்டையில் தொடங்க வேண்டிய அவசியம் இல்லை.

ஜெபிக்கிறேன், வேதம் வாசிக்கிறேன். ஆனாலும் மனச்சோர்வு விடவில்லை. நான் தேவனுடைய பிள்ளை என்றால் இப்படி இருக்குமா?

இருக்கும். சங்கீதம் 88 "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று தொடங்குகிறது. கடைசி வசனம்வரை விடியவே இல்லை. அதையும் தேவன் தம் வேதத்தில் வைத்திருக்கிறார்.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் படுத்துச் சாவு கேட்டபோது, தூதன் வந்து பிரசங்கம் செய்யவில்லை. தலைமாட்டில் தழலில் சுடப்பட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டான், மறுபடி தூங்கினான், எழுப்பப்பட்டு மறுபடி சாப்பிட்டான். ஓரேப் மலையில் தேவன் அவனோடு பேசியது அதற்குப் பிறகு.

வில்லியம் கூப்பர் என்ற ஆங்கிலக் கவிஞர் (1731–1800) இயற்றிய ஞானப்பாட்டுகள் இன்றும் ஆராதனைகளில் பாடப்படுகின்றன. 1773க்குப் பிறகு, தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. சாகும்வரை அது முழுவதும் விடவில்லை. தன்னைப் பற்றி அவர் கொண்டிருந்த அந்தத் தீர்ப்பை நம்ப அவருடைய நண்பரும் போதகருமான ஜான் நியூட்டன் மறுத்துவிட்டார். நானும் மறுக்கிறேன். நோயுற்ற மனம் தன்மேல் எழுதிய தீர்ப்பை தேவனுடைய தீர்ப்பென்று எடுத்துக்கொள்ளக் கூடாது. "தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்" (1 யோவான் 3:20).

தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் விருப்பமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் போங்கள். கொடுத்த மாத்திரையை ஜெபக்கூட்டத்தில் யாரோ சொன்னார்கள் என்று நிறுத்திவிடாதீர்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் உடனே அருகில் இருப்பவரிடம் சொல்லுங்கள். இந்தியாவில் டெலி-மனாஸ் உதவி எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது.

எங்கள் வீட்டுக் கஷ்டங்களுக்குத் தலைமுறைச் சாபமே காரணம் என்று ஒருவர் தீர்க்கதரிசனம் சொன்னார். அதை உடைக்கக் காணிக்கை கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். கிறிஸ்து நமக்காகச் சாபமாகி, நியாயப்பிரமாணத்தின் சாபத்துக்கு நம்மை நீங்கலாக்கி மீட்டுக்கொண்டார் (கலாத்தியர் 3:13). மீட்புக்கிரயம் செலுத்தியாகிவிட்டது.

தினமும் நான் செய்யக்கூடியது என்ன?

ஒரு சுவிசேஷத்தை எடுத்து, தினம் ஒரு பகுதியை மெதுவாக வாசியுங்கள். இயேசு யாரிடம் எப்படி நடந்துகொண்டார் என்று கவனியுங்கள். உங்களை ஒருமுறை ஆராய்ந்து பார்த்தால் அவரைப் பத்துமுறை பாருங்கள். கவலையைப் பெயர் சொல்லி, கடன் தொகையைச் சொல்லி, பிள்ளையின் தேர்வைச் சொல்லி ஜெபியுங்கள். பிலிப்பியர் 4:6 விண்ணப்பங்களைத் தெரியப்படுத்தச் சொல்கிறது. அழகாக அமைக்கச் சொல்லவில்லை.

திருவிருந்துக்குத் தவறாமல் போங்கள். தகுதியில்லை என்று பல மாதம் விலகி நிற்பவர்கள் நம் சபைகளில் ஏராளம். பாவத்தை விட மனமில்லாதவர் விலகி நிற்கலாம். பாவத்தால் வருந்துகிறவர் வர வேண்டிய பந்தி அது. அப்பம் உங்கள் கையில் வைக்கப்படும்போது "உங்களுக்காக" என்ற வார்த்தையும் கூடவே வருகிறது.

மரணப்படுக்கையில் இருக்கும் என் அம்மா பயப்படுகிறார். நான் என்ன சொல்லட்டும்?

கேள்வி கேட்டுச் சோதிக்காதீர்கள். "அம்மா, விசுவாசிக்கிறீர்களா, சொல்லுங்கள்" என்று நெருக்கினால், பேச முடியாதவர் மேலும் கலங்கிப்போவார். அவர் சிறுவயதில் மனப்பாடம் செய்த வசனங்களைச் சொல்லுங்கள்: 23ஆம் சங்கீதம், "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே" என்ற அழைப்பு, யோவான் 14ஆம் அதிகாரத்தின் ஆரம்பம். ஒரு நேரத்தில் ஒன்று போதும். அவர் சமையலறையில் முணுமுணுக்கும் பாட்டு எது என்று உங்களுக்குத் தெரியும்; அதைத் தணிந்த குரலில் பாடுங்கள்.

அவர் ஏதாவது பழைய குற்றத்தைச் சொல்ல விரும்பினால் தடுக்காமல் கேளுங்கள். "அதெல்லாம் ஒன்றுமில்லை அம்மா" என்று மூடிவிடாமல், இயேசுவின் இரத்தம் சகல பாவங்களையும் நீக்கிச் சுத்திகரிக்கிறது என்ற வாக்கை அவர் பெயரைச் சொல்லி அவருக்குச் சொல்லுங்கள். போதகரை அழைத்துத் திருவிருந்து கொடுக்கச் சொல்லுங்கள். இதைக் கடைசி மணிநேரத்துக்குத் தள்ளிவைக்க வேண்டாம், விழுங்க முடிகிறபோதே செய்யுங்கள். ஜெபிக்க வருகிறவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று உரத்துக் கூப்பிட்டால், அம்மாவுக்கு ஓய்வு வேண்டும் என்று பணிவாகச் சொல்லி முன்னறையில் உட்காரவையுங்கள். வலி இருந்தால் அதற்கு மருந்து கேளுங்கள். வலியில் தவிக்கிறவருக்கு வசனம் காதில் ஏறாது.